பிரித்துப் படிக்கட்டும், பொறுத்திருங்கள்

குழந்தைகளின் வாசிப்பு, விடாமுயற்சி பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் வாசிப்புப் பயிற்சிக் குழுவின் பதில்கள்.

மகன் மூன்றாம் வகுப்பு. எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் கதைப் புத்தகத்தில் நீளமான சொல் வந்தால் நின்றுவிடுகிறான். இரண்டு தடவை தடுமாறினால் போதும், "எனக்கு வராது ஆத்தா" என்று மூடிவைத்துவிட்டுப் போய்விடுகிறான். விடாமல் முயற்சி செய்யும் குணத்தை எப்படிக் கொண்டுவருவது?
– ஒரு தாய், காரைக்குடி

குணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் சகோதரி. முதலில் அவன் எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று பாருங்கள். 'ஓடிக்கொண்டிருந்தபோது' போன்ற ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டில் அவன் காதில் விழுவது 'ஓடிக்கிட்டு இருந்தப்ப'. அச்சிலோ அது பதினோரு எழுத்தும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கிறது. தெரிந்த சொல்தான் என்பதே பிள்ளைக்குத் தெரிவதில்லை.

பென்சிலை எடுத்து ஓடி / கொண்டு / இருந்த / போது என்று கோடு போட்டுக் காட்டுங்கள். துண்டு துண்டாக வாசிக்கட்டும், பிறகு சேர்த்துச் சொல்லட்டும். 'கொண்டு', 'இருந்த' இரண்டும் சேரும்போது 'டு' போய் 'டி' வருவதை அவனே கண்டுபிடிப்பான். நாலைந்து நாளில் பென்சிலை அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு இடறல், கொம்பு. 'கொ' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியது 'க்'. எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையும் இங்கே ஒரு நொடி தயங்கும். நடுவில் இருக்கும் மெய்யைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அவன் நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். உடனே எடுத்துக்கொடுத்தால், 'நின்றால் ஆத்தா சொல்லிவிடுவாள்' என்பதைத்தான் கற்றுக்கொள்வான். அரை நிமிடம் சும்மா இருந்தால் கூசிப்போவான். ஐந்து எண்ணியும் வரவில்லையென்றால் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். இந்தத் திருப்பி வாசிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால், சொன்ன சொல் அடுத்த பக்கத்தில் மறுபடி புதுச்சொல் ஆகிவிடும்.

அறுபது எழுபது சொல் உள்ள ஒரே பகுதியை மூன்று நாள் வாசிக்கட்டும். தடுமாறிய சொல்லின் கீழே சின்னப் புள்ளி; ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம். முதல் நாள் ஐந்து, மூன்றாம் நாள் இரண்டு என்று அவன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். முயன்றால் வரும் என்று நீங்கள் ஆயிரம் தடவை சொல்வதைவிட அந்தப் புள்ளிகளை அவன் நம்புவான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் புத்தகம் அவனுக்குப் பெரியது. தயங்காமல் ஒரு படி இறங்குங்கள்.

பாராட்டும்போது 'கெட்டிக்காரன்' வேண்டாம். 1998-ல் முல்லர், ட்வெக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிரில் தோற்ற பிறகு, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட எளிதில் துவண்டார்கள். "பிரிச்சுப் பாத்தேல்ல, அதான் வந்துச்சு" என்று அவன் செய்ததைச் சொல்லுங்கள்.

சில மாதங்கள் இப்படிச் செய்தும் எழுத்துகளே குழம்பினால் முதலில் கண் பரிசோதனை, அடுத்து கற்றல் குறைபாடு பார்க்கும் வல்லுநர். அது சோம்பல் இல்லை.

விடாமுயற்சிக் கதை எது சொன்னாலும் கடைசியில் "முயற்சி செய்தால் வெற்றி" என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மனத்தில் ஏறுவதாகத் தெரியவில்லை.
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

கதை முடிந்த பிறகு கேட்பதால்தான் ஒப்பிக்கிறார்கள். நடுவில், முயற்சி தோற்கும் இடத்தில் புத்தகத்தை மூடுங்கள். "முதலில் என்ன செய்து பார்த்தான்? ஏன் நடக்கவில்லை? அடுத்து எதை மாற்றலாம்?" இந்த மூன்றும் போதும். ஆமை–முயல் கதையை நாங்கள் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. முயல் தூங்கியதால் ஆமை ஜெயிக்கிறது. ஆமைக்கு எந்தத் தடையும் வரவில்லை.

காகமும் பானையும் நல்ல கதை, ஆனால் செய்து பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், இன்னொன்றில் கால் அளவு. இரண்டிலும் கூழாங்கல் போட்டுக்கொண்டே வரட்டும். முதல் டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு வரும். இரண்டாவதில் கல் விளிம்பைத் தொட்டாலும் தண்ணீர் கீழேயே நிற்கும். குவிந்த கல்லில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இடைவெளி. தண்ணீர் முழுக்க அதற்குள் தங்கிவிடுகிறது. இங்கே இன்னும் கல்லைத் திணிப்பது வீண் வேலை. "இப்போது காகம் என்ன செய்யும்?" என்று விட்டுவிடுங்கள். மணலைக் கொட்டிப் பார்க்கலாம் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். மணல் இடைவெளிக்குள் இறங்க இறங்கத் தண்ணீர் ஏறும். அதன் பிறகு கதையை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். இந்த முறை அவர்கள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் என்றால் நம் பக்கத்து ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறைக்கு அழைத்துப் போகலாம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவை ஊற்றுகிறார்கள். அதன் மேல் சிமென்ட்டும் மணலும். பூ இருக்கும் முகம் கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கிறது. கல் இறுகித் தண்ணீரில் ஊறிக் கண்ணாடி கழன்ற பிறகுதான் அது தெரியும். பார்த்ததைப் பிள்ளைகள் வரிசையாக எழுதட்டும்; ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்க வாசிக்கட்டும். எந்தப் படி விடுபட்டது என்று அப்போது தெரிந்துவிடும். எழுதியவர் திருத்தி எழுதுவார்.

நம் ஊர்க்காரர்களில் யாரைப் பற்றிச் சொல்லலாம்?
– ஒரு வாசகர், புதுவயல்

கோட்டையூர் ரோஜா முத்தையா. பழைய தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் பல பத்தாண்டுகள் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. சொல்லிவிட்டு, வளவிலோ பரணிலோ கிடக்கும் பழைய அழைப்பிதழ், கணக்கு நோட்டுகளை எடுத்துப் பட்டியல் போடச் சொல்லுங்கள். வாரம் பத்து போதும்.

பேரன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதை வாசிப்போம். நடுவில் எழுந்து ஓடிவிடுகிறான்.
– ஓர் ஆயா, கண்டனூர்

ஒரே புத்தகம் இரண்டு வாங்குங்கள் ஆச்சி. உங்களிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன். போனில் குரல் தாமதமாக வரும். அவன் தடுமாறினால் ஏழு வரை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருவர் குரலும் மோதும். பதினைந்து நிமிடம் ஆனதும், கதை சூடுபிடிக்கும் இடமாகப் பார்த்து நீங்களே நிறுத்திவிடுங்கள். அடுத்த ஞாயிறு அவனே அழைக்க வாய்ப்பு அதிகம்.

மகள் பாதியில் விட்ட புத்தகத்தை முடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு தந்தை, பள்ளத்தூர்

வேண்டாம். இருபது பக்கம் வாசித்த பிறகு விடலாம் என்று விதி வையுங்கள். ஏன் விட்டாள் என்று ஒரு வரி எழுதி உள்ளே செருகட்டும். 'சொல் கடினம்' என்றால் ஆறு மாதம் கழித்து அதே புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். 'பிடிக்கவில்லை' என்றால் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்து வாருங்கள்.