11 அடி தூரத்தில் 43 அங்குல டிவி: ஃபுல் ஹெச்டி போதுமா, 4கே வேண்டுமா?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடு, வளவை (நடு முற்றம்) ஒட்டிய பத்தியில் (தாழ்வாரம்) டிவி, 11 அடி தள்ளி சோபா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தில் 43 அங்குலத்துக்கு ஃபுல் ஹெச்டியே தாராளம்.

கணக்கு இதுதான். நல்ல பார்வையுள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். 43 அங்குலத் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. ஃபுல் ஹெச்டியில் குறுக்கே 1920 புள்ளிகள்; அகலத்தை அப்படிப் பிரித்தால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடியைத் தாண்டினால் அந்தப் புள்ளி கண்ணில் தனியாகப் படாது. 55 அங்குலத்துக்கு இந்த எல்லை ஏழடி, 65க்கு எட்டரை. அதற்குள் உட்கார்ந்தால்தான் 4கேயின் 3840 புள்ளிகளுக்குக் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரியும்.

ஆகவே 11 அடியில் உங்களுக்கு வேண்டியது கூடுதல் புள்ளிகள் அல்ல, பெரிய திரை. 55 வாங்குங்கள். அந்த அளவில் கடையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் 4கேதான், தானாகவே கிடைத்துவிடும். ஆச்சி பார்க்கும் சீரியல் கேபிளில் எஸ்டி (ஹெச்டியைவிடத் தெளிவு குறைந்த) சேனலாக வந்தால் எந்த டிவியிலும் மங்கல்தான். ஹெச்டி பேக் போடுங்கள்.

இன்னொன்று: வளவு திறந்தவெளி. பகல் வெளிச்சம் நேரே திரையில் விழுந்தால் எத்தனை கே இருந்தும் எதிர்த் தூண்தான் தெரியும். பளபளப்பில்லாத, வெளிச்சம் கூடிய திரையாகப் பாருங்கள்.

மாடி அறையில் கட்டிலிலிருந்து நாலடியில் மாட்டுவதென்றால் மட்டும் 43லேயே 4கே எடுக்கலாம்.