ஓய்வுக்குப் பிறகு சிட்னியில் தினமும் நடக்கிறோம். பறவைகளை அடையாளம் காண எங்கிருந்து தொடங்குவது?

கேட்டிருப்பது இது: ஓய்வு பெற்று மேற்கு சிட்னியில் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே குடிவந்தாயிற்று. கணவன் மனைவி இருவரும் காலையில் நடக்கிறீர்கள். ஒரே பாதை சலிக்கிறது. பறவைகள் நிறையத் தெரிகின்றன, பெயர்தான் தெரியவில்லை. தினம் ஒரு புது இடமாகப் போகலாமா?

வேண்டாம். பாதையை மாற்றாதீர்கள். ஒரே பாதை, ஒரே நேரம், ஒரு வருடம் முழுக்க. பறவை பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. தினமும் இடம் மாறினால் எல்லாப் பறவையும் புதிதாகவே இருக்கும், எதுவும் மனதில் தங்காது. ஒரே பாதையில் போனால் பத்து நாளில் வழக்கமான முகங்கள் பழகிவிடும். அதன் பிறகு புதிதாக ஒன்று வந்தால் அதுவே கண்ணில் படும்.

பாதையில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வெட்டவெளிப் புல்தரை, பொந்து விழுந்த பெரிய யூகலிப்டஸ் மரங்கள். மூன்றாவதுதான் அரிது. யூகலிப்டஸ் மரத்தில் பறவை கூடு வைக்கிற அளவுக்குப் பொந்து விழ நூறு வருடத்துக்கு மேல் ஆகும். கிளி இனங்களான காக்கட்டூ, ரொசெல்லா, லாரிக்கீட், மீன்கொத்தி இனமான குக்கபரா எல்லாம் பொந்தை நம்பி வாழ்பவை. டூங்காபி ஓடையை ஒட்டிய பாதையோ, பரமட்டா பூங்காவின் ஆற்றங்கரையோ போதும். 1856-ல் கட்டிய அணையால் உருவான பரமட்டா ஏரியைச் சுற்றி வர சுமார் நான்கு கி.மீ. ஆகும். அங்கே படிகளும் பாறைகளும் உண்டு, முழங்கால் வலி இருந்தால் ஓடைப் பாதையே நல்லது.

நேரம் முக்கியம். விடிந்து முதல் ஒன்றரை மணி நேரத்தில் தெரிவதில் பாதிகூடப் பத்து மணிக்குத் தெரியாது. டிசம்பரில் சூரியன் காலை 5.40 வாக்கில் உதிக்கும், ஜூனில் ஏழு மணிக்கு. அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். பறவைக்குக் கடிகாரம் கிடையாது, சூரியன்தான் கணக்கு.

பெயர்களுக்கு வருவோம். படப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் தலை சுற்றும். ஊரில் பழகிய பறவைகளின் சொந்தக்காரர்களை முதலில் பிடியுங்கள். புல்தரையில் மஞ்சள் முகமூடி போட்டாற்போல் நின்று, கிட்டே போனால் ஊரைக் கூட்டுகிறதே, அது நம் ஆட்காட்டியின் உறவு. வெறும் தரையில் முட்டையிடும், நெருங்கினால் பாய்ந்து வரும். குப்பைத்தொட்டியைக் கிளறும் வெள்ளைப் பறவை அரிவாள் மூக்கன். ஏரிக்கரையில் சிவப்பு நெற்றியோடு நடப்பது தாழைக்கோழி இனம். பாதி உடம்பை மூழ்கவிட்டுக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. பாலத்தடியில் பறந்து திரும்புவது தகைவிலான். கழுத்தில் புள்ளி போட்ட புறாவும் கன்னத்தில் சிவப்பு வைத்த கொண்டைக்குருவியும் உறவுகூட இல்லை, ஆசியாவிலிருந்து கொண்டுவந்து விட்ட அதே பறவைகள்தான். ஒரு வாரத்தில் ஏழெட்டு தெரிந்துவிடும். மிச்சத்தை அங்கிருந்து பிடித்துக்கொண்டே போகலாம்.

இதில் பலரும் தடுமாறும் இடம் மைனா. இங்கே ஒரே ஒலிப்புள்ள இரண்டு பறவைகள் உண்டு. ஒன்று நம் ஊர் மைனாவேதான், பழந்தமிழில் நாகணவாய் என்று வருவது. பூச்சியைத் தின்னட்டும் என்று 1862-ல் மெல்பர்னில் கொண்டுவந்து விட்டார்கள், இன்று மரப்பொந்துகளுக்கு உள்ளூர்ப் பறவைகளோடு சண்டை போடுகிறது. மற்றது நாய்ஸி மைனர். இது இந்த மண்ணின் பறவை, தேன்குடிக்கும் இனம். இரண்டுக்குமே அலகும் கண்ணோரமும் மஞ்சள் என்பதால் குழப்பம் வரும். உடம்பைப் பாருங்கள்: பழுப்பு உடம்பு, பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை என்றால் மைனா. சாம்பல் உடம்பு, தலையில் கறுப்பு என்றால் மைனர். அது கூட்டமாகச் சேர்ந்து சின்னப் பறவைகளை விரட்டியடிக்கும். உங்கள் பாதையில் சிறு குருவியே கண்ணில் படவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மைனர்தான், அடர்ந்த புதர் இல்லாததும்தான்.

இனி குயில். செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் ஒரு நாள் விடியுமுன் நாலு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே 'கூ-ஊ' என்று கேட்டால் கனவு என்று நினைக்க வேண்டாம். நியூ கினி பக்கமிருந்து வந்து இறங்கியிருக்கிறது. நம் குயிலும் இதுவும் ஒரே இனம் என்றே வெகுகாலம் வைத்திருந்தார்கள், இப்போது பிரித்திருக்கிறார்கள். ஆண் பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண். பெண் பழுப்பில் புள்ளியும் பட்டையும். ஊரில் சித்திரையில் கூவுவது இங்கே புரட்டாசி கடைசியில் தொடங்கும். மாதம் மாறினாலும் அங்கும் இங்கும் அது வசந்தம்தான், அந்தக் கணக்கில் குயில் தவறுவதில்லை.

டிசம்பர், ஜனவரியில் அடுத்த காட்சி. மரத்திலிருந்து ஒரே சுருதியில் நிற்காத கத்தல் வரும். கீழே நின்று பத்து நிமிடம் பொறுங்கள். கன்னத்தடியில் சிவப்புத் தொங்கல் உள்ள ரெட் வாட்டில்பேர்ட் பூச்சியோடு வரும். கிளையில் அதைவிடப் பருத்த பழுப்புக் குயில் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்தபடி இறக்கையைப் படபடக்கும். ஊட்டுகிற பறவையின் தலையே குஞ்சின் வாய்க்குள் போய்விடும்போல இருக்கும். நம்மூரில் குயில் குஞ்சு காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்து வளர்வது உண்டு. இங்கே பொரிந்ததும் கூட்டிலிருக்கும் மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் வெளியே தள்ளிவிடுகிறது. மார்ச், ஏப்ரலில் குயில்கள் எல்லாம் வடக்கே போய்விடும். கடைசியாக என்று கேட்டீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். வந்த தேதியை எல்லோரும் குறிப்பார்கள், போன தேதியைக் குறிப்பவர்கள் குறைவு.

குறிப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தேதி, நேரம், பறவை, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் இருபது நிமிடம் நின்று எண்ணுங்கள். அக்டோபரில் பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பறவை அமைப்பு நாடு முழுக்க நடத்தும் கணக்கெடுப்புக்கும் இதே இருபது நிமிடம்தான், அதில் நீங்களும் சேரலாம். பெயர் கண்டுபிடிக்க மெர்லின் செயலி இலவசம். வீட்டு இணையத்திலேயே ஆஸ்திரேலியப் பறவைத் தொகுப்பை இறக்கி வைத்துக்கொண்டால் வெளியே சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு எழுதுங்கள்.

பைனாகுலர் வாங்கினால் 8x42. முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம், கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். கழுத்து வலி இருந்தால் 8x32 எடை குறைவு. கண்ணாடி போடுபவர் கண்ணருகே உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கி வைக்க வேண்டும், போடாதவர் மேலே ஏற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருக்கும் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரிகிறது.

வாங்கியதும் ஒரு தடவை கண்ணுக்குப் பொருத்துங்கள். இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை நடுவில் மடக்குங்கள். வலது கண்ணை மூடி, தூரத்துப் பெயர்ப்பலகை இடது கண்ணுக்குத் தெளியும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்ணருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். வளையம் நிற்கும் இடத்தை நினைவில் வையுங்கள். ஒரே கருவியை இருவர் மாற்றி மாற்றிப் பிடித்தால் இந்த அளவு கலைந்துகொண்டே இருக்கும், முடிந்தால் ஆளுக்கு ஒன்று. பறவையைக் கருவிக்குள் தேடக் கூடாது. கண்ணைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும்.

கருவியே வேண்டாத பறவை டானி ஃப்ராக்மவுத், தவளைவாயன் குடும்பம். பகலில் கிளையோடு கிளையாய், அலகை மேலே நிமிர்த்தி, கண்ணைக் கோடாகச் சுருக்கி, முறிந்த கொம்பு மாதிரியே இருக்கும். ஜோடியாக ஒட்டி உட்காரும். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த நாளும் அதே கிளையிலோ பக்கத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். பாதை மாற்றாதவர்களுக்குக் கிடைக்கும் பறவை இது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை மேக்பை கூடு காக்கும் காலம், நம் ஆவணியும் புரட்டாசியும். கறுப்பு வெள்ளை, குழல் வாசிப்பது போன்ற குரல். தலையைக் கொத்த வருவது ஆண்தான், அதிலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே வரும். கூடிருக்கும் மரத்திலிருந்து நூறு மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் பாயும், அதுவும் சுமார் ஆறு வாரம்தான். ஓடாதீர்கள், கையை வீசாதீர்கள், கல் எறியவே வேண்டாம். முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பறவை அது. சட்டப் பாதுகாப்பும் உண்டு. அந்த ஆறு வாரம் எதிர்ப்பக்கம் நடங்கள். வழியில்லை என்றால் விரித்த குடையும் கறுப்புக் கண்ணாடியும் போதும். பெரும்பாலும் முதுகுப்பக்கமிருந்து வரும் என்பதால் அதைப் பார்த்தபடியே நகர்வது நல்லது.

வெயில் விஷயத்தில் நம் பழக்கம் இங்கே செல்லாது. காற்று குளிர்ந்திருந்தாலும் புறஊதா எண் 3 தொட்டுவிட்டால் தொப்பியும் 50+ கிரீமும் வேண்டும். வெளியே போவதற்கு இருபது நிமிடம் முன்பு தடவ வேண்டும், இரண்டு மணிக்கொரு தடவை மறுபடியும். நிறம் கறுப்பு, எனக்கு வேண்டாம் என்று விட்டால் கண்ணும் சேர்ந்து கெடும்.

கோடையில் பாம்பு உண்டு, பாதையை விட்டு உயரப் புல்லில் இறங்க வேண்டாம். கடித்தால் ஊரில் செய்வதுபோல் கயிறு இறுக்கிக் கட்டவோ கீறவோ கழுவவோ கூடாது. அகலமான இழுபட்டைக் கட்டுத்துணியைக் கடிவாயின் மேலும், பிறகு கை அல்லது கால் முழுக்கவும் அழுத்திச் சுற்றி, அசையாமல் இருந்து 000-க்கு அழைக்க வேண்டும். ஒரு கட்டுத்துணி பையிலேயே இருக்கட்டும். எமர்ஜென்சி பிளஸ் செயலி நிற்கிற இடத்தைக் காட்டும், இடம் சொல்லத் தெரியாத தவிப்பு இருக்காது. கீழே விழுந்து கிடக்கும் பழந்தின்னி வௌவாலைத் தொடவே கூடாது, கடியிலும் கீறலிலும் உயிருக்கு ஆபத்தான வைரஸ் பரவலாம். காட்டுயிர்களை மீட்கும் வயர்ஸ் அமைப்புக்கு 1300 094 737-ல் சொன்னால் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. படைத்த பிடிச்சோறு ஒன்றால் கெடுதல் இல்லை. தினமும் வைத்தால் மைனாவும் எலியும்தான் பெருகும். ரொட்டி வாத்துக்கும் நல்லதல்ல. பறவை வர வேண்டும் என்றால் தண்ணீர் வையுங்கள்: ஆழமில்லாத மண்தட்டு, நடுவில் பாதி வெளியே தெரிகிற கல், பூனை எட்டாத உயரம், பக்கத்தில் ஒளிய ஒரு செடி. இரண்டு நாளைக்கொரு தடவை தேய்த்துக் கழுவாவிட்டால் கொசுவும் நோயும் வரும். செடி வைப்பதாயிருந்தால் பெரிய பூ விடும் கலப்பின கிரெவில்லியாவை மட்டும் வைக்காதீர்கள், தேனுக்கு மைனர் கூட்டம் வந்து குடியேறிவிடும். முள்ளோடு அடர்ந்து வளரும் புதர்கள் இருந்தால்தான் நீலவால் சிலிர்த்த ஃபேரிரென் குருவி நுழையும்.

பாதையில் இடப்பக்கம் நடங்கள், பின்னால் சைக்கிள் மணி கேட்டால் நேராகவே போங்கள், பதறி வலப்பக்கம் தாவினால்தான் மோதல். எதிரே வருபவர் தலையசைத்து 'மார்னிங்' என்பார், பதிலுக்கு அதே ஒரு சொல் போதும். பைனாகுலரைப் பார்த்தால் அவரே நின்று அந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார், சொல்வார். அக்கம்பக்கம் பழக்கமாவது இப்படித்தான்.

ஒரே பாதை என்றாலும் மாதம் ஒரு நாள் வெளியே போகலாம். நியூ சவுத் வேல்ஸில் நிரந்தரமாக இருந்து சீனியர்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கு ஓபல் கோல்ட் அட்டையில் ஒரு நாள் முழுக்க ரயில், பஸ், ஃபெர்ரி எல்லாம் சேர்த்து 2.50 டாலருக்குமேல் பிடிக்காது. ஸ்ட்ராத்ஃபீல்டில் வண்டி மாறி கான்கார்ட் வெஸ்டில் இறங்கினால் பைசென்டெனியல் பூங்காவுக்கு நடந்தே போகலாம். அலையாத்திக் காட்டுக்குள் பலகைப் பாதை, அதைத் தாண்டி நீர்ப்பறவைச் சரணாலயம். கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான் அங்கே தெரியும். போகுமுன் அலை அட்டவணையைப் பாருங்கள். வெளியே சேற்றுத்திட்டு மூழ்கும் உயரலை நேரத்தில்தான் பறவைகள் இங்கே ஒதுங்கும்.

கோடையில் அந்தக் கூட்டத்தில் நீண்ட மூக்கு மேல்நோக்கி லேசாக வளைந்த பழுப்புப் பறவைகள் இருந்தால் அவை பட்டைவால் மூக்கன். அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல் பசிபிக்கைத் தாண்டி வரும் இனம். 2022-ல் ஒரு குஞ்சுப் பருவப் பறவை டாஸ்மேனியாவரை 13,560 கி.மீ. பதினோரு நாளில் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. பிப்ரவரி கடைசியில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை போய் வாருங்கள். மங்கலாக இருந்த வயிறு செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். நன்றாகச் சிவந்தவை முதலில் கிளம்பும்.