வில்சன் போன பிறகும் டென்வர் கணக்கில் 85 மில்லியன் ஏன்?

நண்பரே, குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ரஸ்ஸல் வில்சனை 2024 மார்ச்சில் வெளியே அனுப்பிய பிறகும் அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான டென்வர் பிராங்கோஸ் கணக்கில் 85 மில்லியன் டாலர் நின்றதே, அவ்வளவும் புதிதாகக் கொடுக்கும் பணமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பாதிக்கு மேல் ஏற்கெனவே அவர் கையில் போய்விட்ட பணம்.

2022-இல் 50 மில்லியன் சைனிங் போனஸ் (ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தரும் தொகை) கொடுத்தார்கள். உச்சவரம்புக் கணக்கில், அதாவது ஓர் அணி ஆண்டுக்கு வீரர்களுக்குச் செலவிடக்கூடிய எல்லைக் கணக்கில், அதை 5 ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்குப் பத்தாக எழுதலாம். நம்ம ஊர் தவணை மாதிரிதான், பொருள் வீட்டை விட்டுப் போனாலும் தவணை நிற்காது. இரண்டு ஆண்டு கழிந்தது, மீதி 30. 2023-இல் கொடுத்த இன்னொரு 20 மில்லியன் போனஸில் மீதி 16. இவற்றோடு 2024-க்கு உறுதியளித்த 39-ஐக் கூட்டுங்கள், 85 வந்துவிடும்.

அந்த 39 மட்டும்தான் உண்மையில் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் வில்சன் அடுத்துச் சேர்ந்த பிட்ஸ்பர்க் அணி கொடுத்த 1.21 மில்லியன் கழிந்தது.

சரி, ஏன் அவசரம்? இன்னும் சில நாள் வைத்திருந்தால் 2025-இன் சம்பளம் 37 மில்லியனும் உறுதியாகியிருக்கும். சுமையை இரண்டு ஆண்டுக்குப் பிரிக்க விடும் 'ஜூன் 1-க்குப் பின்' விதிப்படி குறித்து அனுப்பியதால் சுமை 2024-இல் 53, 2025-இல் 32 என்று பிரிந்தது. 2024-இல் மொத்த உச்சவரம்பே 255.4 மில்லியன்தான்! அதனால்தான் 2024-இல் கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்டின் 12-ஆவது தேர்வில் குவார்ட்டர்பேக் போ நிக்ஸை எடுத்தது எனக்குச் சரியாகப் பட்டது. புதுமுகக் குவார்ட்டர்பேக்கின் சம்பளம் குறைவு, அந்த ஓட்டையை அடைக்க வேறு வழியும் இல்லை.