கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்தால்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. இரண்டாவது கீமோ போட்ட பத்தாம் நாள் வெள்ளை அணுக்கள் 2,100 என்று வந்தது. பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் ஏறிவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வெள்ளை அணுக்களை ஏற்றும் என்று நிரூபிக்கப்பட்ட சாறு எதுவும் இல்லை. பச்சை இலையை அரைத்துக் கொடுத்தால் கிருமிதான் உள்ளே போகும்.

ரிப்போர்ட்டில் மொத்த எண்ணிக்கைக்குக் கீழே நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் வெள்ளை அணு வகை) சதவீதம் இருக்கும். அது 38 என்றால், 2,100-ஐ 38-ஆல் பெருக்கி 100-ஆல் வகுங்கள்: 798. பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். 1,000-க்குக் கீழே போனால் எச்சரிக்கை, 500-க்குக் கீழே போனால் ஆபத்து. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் இது அடிமட்டத்துக்கு இறங்கும். பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குள், ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜை மீண்டுவிடும்.

அந்த நாட்களில் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால், இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். பலர் ஒரு பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருப்பார்கள். மாத்திரையில் காய்ச்சல் இறங்கும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டே இருக்கும். வெள்ளை அணு இல்லாததால் சீழோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. அவசரப் பிரிவில் நுழைந்ததும் “கீமோ போட்டுப் பத்தாம் நாள், காய்ச்சல்” என்று சொல்லி ஃபைலைக் காட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் இதேதான்.

அடுத்த சுற்றில் மருத்துவர், வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசியாக ஃபில்கிராஸ்டிம் (தினமும்), அல்லது பெக்ஃபில்கிராஸ்டிம் (ஒரே ஊசி, 6 மில்லிகிராம்) எழுதலாம். கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். முன்பே போட்டால் புதிதாகப் பிரியும் செல்களை கீமோ மருந்தே அழித்துவிடும். மருந்துக்கடையிலிருந்து ஐஸில் கொண்டுவரும்போது ஊசி ஐஸைத் தொடாமல் துணி சுற்றுங்கள். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ்தான் கணக்கு, உறையக் கூடாது. ஊசி போட்டபின் இடுப்பு, முதுகு எலும்பு வலிக்கலாம். மஜ்ஜை வேலை செய்வதால் வரும் வலி அது. பாராசிட்டமால் தரலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் காய்ச்சலைப் பாருங்கள். ஊசிக்குப் பிறகு எண்ணிக்கை 20,000-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம்.

சாப்பாட்டைச் சூடாகச் சமைத்ததும் கொடுங்கள். காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி, பழைய சோறு, கடையில் நறுக்கி வைத்த பழம் வேண்டாம். மாதுளையை வீட்டிலேயே கழுவி உரித்துத் தரலாம்.

கேள்வி: கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து ஒரு வருடமாகிறது. எனக்கு வெள்ளை அணுக்கள் இன்னும் 3,400-தான். புற்றுநோய் திரும்பிவிட்டதா?

பதில்: இதை மட்டும் வைத்து அப்படி நினைக்க வேண்டியதில்லை. கதிர்வீச்சுக்குப் பின் லிம்போசைட்டுகள் (வெள்ளை அணுக்களில் இன்னொரு வகை) மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல் குறைந்தே இருக்கும். நியூட்ரோஃபில் 1,500-க்கு மேல் நிலையாக இருந்தால் அன்றாட வாழ்க்கைக்குத் தடையில்லை. பால்போசிக்லிப் போன்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் காரணம் அதுவாகவே இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், தேவைப்பட்டால் அளவை மருத்துவர் குறைப்பார். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சேர்ந்து இறங்கினால் தள்ளிப்போடாதீர்கள். சில கீமோ மருந்துகள் அபூர்வமாக, சில ஆண்டுகள் கழித்து மஜ்ஜையையே பாதிப்பதுண்டு. ரத்தவியல் மருத்துவரைப் பார்த்து ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் (ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), அவர் சொன்னால் மஜ்ஜைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.