இத்தாலி ரயிலில் டிக்கெட் இருந்தும் அபராதம் விதிப்பார்களா?

முதல் முறையாக இத்தாலி செல்லும் தாங்கள் கேட்டிருப்பது நியாயமான ஐயமே, ஆம், டிக்கெட்டில் தேதியும் நேரமும் பதிக்காமல் ஏறினால் விதிப்பார்கள். புளோரன்ஸிலிருந்து பைசா போன்ற ஊர்களுக்குச் செல்லும் வட்டார ரயில்களுக்கான காகித டிக்கெட்டில் எந்த ரயில், எந்த இருக்கை என்று குறித்திருக்காது என்பதால், ஏறுவதற்கு முன்பே நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் அதன் முனையைச் செருகி, தேதியையும் நேரத்தையும் பதித்துக்கொள்ள வேண்டும். சில சமயம் மை மங்கலாக விழும். எழுத்து தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இயந்திரம் பழுதாகியிருந்தால், ஏறியவுடன் டிக்கெட் பரிசோதகரைத் தாங்களே தேடிச் சென்று சொல்லுங்கள். அவர் வந்து கேட்ட பிறகு சொல்லும் விளக்கம் பெரும்பாலும் எடுபடாது.  ரயிலும் இருக்கையும் முன்பே குறிக்கப்பட்ட அதிவேக ரயில்களுக்கு இப்படிப் பதிக்கும் வேலையே இல்லை.