ஸ்கெலிட்டன் கடற்கரைக்குச் செடான் கார் போதுமா?

நமீபியாவில் கடலோர நகரமான ஸ்வாகோப்மண்டிலிருந்து ஸ்கெலிட்டன் கடற்கரை வழியாக, உட்பகுதியிலுள்ள பால்ம்வாக் வரை ஒரே நாளில் செடான் காரில் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், விடியற்காலையில் கிளம்பினால். ஸ்கெலிட்டன் கடற்கரைத் தேசியப் பூங்காவைக் கடந்து செல்பவர்கள் பிற்பகல் 3 மணிக்குள் அதன் தெற்கு வாயிலான உகாப் வாயிலில் நுழைந்தாக வேண்டும்.

கடலோரச் சாலை உப்பால் இறுகியது. காய்ந்திருக்கும்போது தார்ச்சாலை போலவே ஓடும். பனிமூட்டத்தில் நனைந்தால் வழுக்கும், பிரேக்கைத் திடீரென மிதிக்காதீர்கள். பூங்காவை விட்டு வெளியேறும் ஸ்பிரிங்போக்வாசர் வாயிலுக்குப் பிறகு உட்புறம் செல்லும் சரளைப் பாதை. டயர் கிழிவது அங்கேதான். இரண்டு உபரி டயர்களை வாடகை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டில் டயர் சேருமா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். செடானில் அந்தப் பகுதியை நிதானமாகத்தான் கடக்க வேண்டும்.

வழியிலுள்ள ஹென்டீஸ் பே ஊரில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீரும் தாராளமாக. நம் ஊரைப் போல இடப்பக்க ஓட்டம்தான், அந்தக் கவலை இல்லை.

ஹென்டீஸ் பேக்குச் சற்றுத் தெற்கே 2008இல் தரைதட்டிய ஸெய்லா என்ற மீன்பிடிக் கப்பல் நிற்கிறது. பழைய இரும்பாக விற்கப்பட்டு மும்பைக்கு இழுத்துவரப்பட்டபோது கயிறு அறுந்து ஒதுங்கியதாம்! பத்து நிமிடம் போதும். வழியில் கேப் கிராஸ் என்ற இடத்திலுள்ள கடல்நாய்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்றம் குடலைப் புரட்டும், ஆனாலும் தவறவிடாதீர்கள்.