கோட்டுப் பையை முதலில் பாருங்கள்: பழைய ஆடவர் உடை விற்பனை பற்றிச் சில கேள்விகள்

தில்லி கரோல் பாகில் எனக்கு இரண்டு அறை வீடு. ஒரு அறையில் நாங்கள் இருக்கிறோம், இன்னொன்றில் கோட்டுகள் இருக்கின்றன. எட்டு வருஷமாக ஆண்களின் பழைய உடைகளை இணையத்தில் விற்று வருகிறேன். பாதி நான் காசு கொடுத்து வாங்கியவை. மீதி, உடையவர் என்னிடம் ஒப்படைத்து, விற்ற பிறகு தன் பங்கை வாங்கிக்கொள்பவை. இங்குள்ள தமிழ் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு, தெரிந்த அளவில் என் பதில்கள்.

ஆர்.கே. புரம், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: சரக்கு எங்கேயிருந்து வருது? எல்லாம் சரோஜினி நகர் சந்தைச் சரக்குதானே?

இல்லை சார். சரோஜினி நகரில் கிடைப்பதில் பெரும்பங்கு ஏற்றுமதியில் மிஞ்சியது, கழித்துக் கட்டியது. யாரும் உடுத்தாத புதுத்துணி. லேபிளைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். அதை வாங்கிப் 'பழையது' என்று விற்பவர்கள் உண்டு. என் கணக்கில் அது வேறு வியாபாரம்.

பழைய துணிக்கு மேற்கு தில்லி ரகுபீர் நகரில் கோடா மண்டி என்றொரு சந்தை இருக்கிறது. விடிவதற்கு முன்பே கூடிவிடும். நம் ஊரில் பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் அண்டா கொடுத்துவிட்டுப் போவார்களே, அதே வழக்கம்தான். குஜராத் வழி வந்த வாக்ரி சமூகத்துப் பெண்கள் வீடு வீடாகப் பாத்திரம் கொடுத்து வாங்கிய துணி அங்கே தரையில் குவிந்து கிடக்கும். ஜனவரிக் குளிரில் டார்ச் அடித்துக்கொண்டு இருநூறு உருப்படியைப் புரட்டினால் ஐந்து தேறும். விலை பேசும்போது அந்தப் பெண்களிடம் நான் ஜெயித்ததே கிடையாது.

வெளிநாட்டுப் பழைய துணி மூட்டைகளையும் கேட்பீர்கள். உடுத்தும் நிலையில் இருக்கும் பழைய துணியை இறக்குமதி செய்ய அரசு உரிமம் வேண்டும். குஜராத்தில் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தரம் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஹரியானாவில் பானிப்பட்டுக்குப் போகும் கம்பளித்துணி கிழிக்கப்பட்டு, நூலாகி, போர்வையாகிவிடும். நடுவழியில் மூட்டை எப்படிச் சந்தைக்கு வந்தது என்று காகிதம் காட்ட முடியாதவரிடம் நான் வாங்குவதில்லை.

ஆனால் என் நல்ல சரக்கெல்லாம் உங்களைப் போன்றவர்கள் வீட்டிலிருந்துதான் வருகிறது. முப்பது வருஷம் தில்லியில் வேலை பார்த்துவிட்டுச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ திரும்பும்போது, நான்கு கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? லாரி ஏற்றும் வாரத்தில் எனக்கு போன் வரும். லாரி ஏற்றுவதற்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டால் நல்ல விலை சொல்ல முடியும்.

லாஜ்பத் நகர், கடை வைத்திருப்பவர்: ஒப்படைச்சு விக்கறதுல பங்கு எப்படிப் பிரிக்கறீங்க? எழுத்துல ஏதாவது போட்டுக்கணுமா?

கட்டாயம் எழுத்தில் வேண்டும். முதல் வருஷத்தில் ஒருவரின் கோட்டை 4,500க்கு விற்றேன். "ஏழாயிரத்துக்குக் குறையக்கூடாதுன்னு சொன்னேனே" என்றார். சொன்னாரோ இல்லையோ, எனக்கு நினைவில்லை. காகிதமும் இல்லை. வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வேறு உருப்படி தரவுமில்லை.

இப்போது ஒரு பக்கச் சீட்டு. உருப்படி என்ன, எங்கே என்ன பழுது, இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற அடிவிலை, எத்தனை நாள் வைத்திருப்பேன், இவ்வளவுதான். நான் தொண்ணூறு நாள் வைத்துக்கொள்கிறேன். நாற்பத்தைந்தாம் நாள், அடிவிலைக்குக் கீழே போகாமல் பதினைந்து சதவீதம் குறைக்கலாம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிடுவேன். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் போன், ஒவ்வொரு தடவையும் மனஸ்தாபம்.

என் பங்கு: 2,000 ரூபாய் வரை பாதி, 8,000 வரை நாற்பது சதவீதம், அதற்கு மேல் முப்பது. ஆயிரத்துக்குக் கீழே போகும் உருப்படியை எடுப்பதே இல்லை. ஏன் என்று கணக்குப் பாருங்கள். 4,000க்கு விற்ற கோட்டில் உடையவருக்கு 2,400. என்னிடம் 1,600. டிரைகிளீனிங் 350, பட்டன் மாற்ற 60, கூரியர் 180, அட்டைப்பெட்டி 30. கையில் நிற்பது 980. அதற்குப் படம் எடுத்து, அளந்து, எழுதி, பத்துப் பேருக்குப் பதில் சொல்லி இரண்டு மணி நேரம் போயிருக்கும். எண்ணூறு ரூபாய்ச் சட்டைக்கும் அதே இரண்டு மணி நேரம்தான்.

இன்னொன்று. விற்கும்வரை பொருள் அவருடையது. நம் கையில் இருக்கும்போது எலி கடித்தாலும் பூச்சி அரித்தாலும் பொறுப்பு நம் தலையில்தான். ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போல் கவனமாகக் காக்க வேண்டும் என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. வாங்கியவர் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் உடையவருக்குப் பணம் அனுப்புவேன். முன்னால் அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்பது இருக்கிறதே, கடன் வசூலிப்பதைவிடக் கஷ்டம்.

முனிர்கா, மாணவர்: அண்ணா, கையில 20,000 இருக்கு. மொத்தமா சரக்கு எடுத்துடலாமா?

எடுக்காதீங்க தம்பி. முதலில் உங்கள் அப்பாவின் பழைய கோட்டை விற்றுப் பாருங்கள். பிறகு தெரிந்தவர்களிடம் பத்து உருப்படி ஒப்படைப்பாக வாங்குங்கள். எது போகும், எது போகாது என்று பத்தில் தெரிந்துவிடும். அந்த இருபதாயிரம் டிரைகிளீனிங்குக்கும் கூரியருக்கும் இருக்கட்டும்.

வாங்குவதற்குக் காலம் மார்ச், ஏப்ரல். தில்லிக்காரர்கள் பீரோவைக் காலி செய்யும் நேரம். விற்க செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை. ஓவர்கோட்டு மட்டும் ஆகஸ்டிலேயே நகர ஆரம்பிக்கும். வாங்குவது யார் என்று நினைக்கிறீர்கள்? கோவையிலும் திருச்சியிலும் இருக்கும் பிள்ளைகள். ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் படிக்கப் போகிறவர்கள். ஊரில் கனமான கம்பளிக் கோட்டு எளிதில் கிடைக்காது, அங்கே போய்ப் புதிதாக வாங்கினால் கை கடிக்கும்.

துவாரகா, ஐ.டி. ஊழியர்: பெரிய பிராண்டு லேபிள் இருக்கு, ஆனா டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

லேபிளைக் கடைசியாகப் பாருங்கள். லேபிளைத் தைப்பது பத்து ரூபாய் வேலை.

முதலில் கோட்டின் முன்பக்கம், கடைசி பட்டன் துளைக்குக் கீழே, வெளித்துணியையும் உள்துணியையும் இரு விரலால் பிடித்துப் பிரித்துப் பாருங்கள். நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவினால், உள்ளே கேன்வாஸ் வைத்துத் தைத்தது. வெளித்துணி அட்டைபோல விறைப்பாக, ஒட்டிக்கொண்டே வந்தால் பசை வைத்து ஒட்டியது. அதை ஃப்யூசிங் என்பார்கள். ஃப்யூசிங் என்பதால் போலி என்று ஆகாது, நல்ல கம்பெனிகளும் செய்கின்றன. ஆனால் லட்ச ரூபாய் லேபிள் இருந்து உள்ளே பசை என்றால் சந்தேகப்படுங்கள். பசைக் கோட்டு சில டிரைகிளீனிங்குக்குப் பிறகு மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதற்கு வைத்தியம் கிடையாது, எடுக்காதீர்கள்.

கொம்பு பட்டன் ஒன்றுபோல் ஒன்று இராது, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் எல்லாம் ஒரே வார்ப்பு. ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித்துணி என்றால் உருண்டையும் அதன்மேல் சிலுவையும் உள்ள முத்திரை இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் வெளித்தீவுகளில், நெய்பவரின் வீட்டிலேயே நெய்த துணிக்குத்தான் அந்தப் பெயர். இதற்காகவே பிரிட்டனில் 1993இல் சட்டம் போட்டார்கள். சுத்தக் கம்பளி என்று காட்டும் ஊல்மார்க் முத்திரை 1964இல் வந்தது. "தாத்தா நாற்பதுகளில் தைத்த சூட்" என்று தருபவரின் கோட்டில் அது இருந்தால் தாத்தா கதையில் ஏதோ இடிக்கிறது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் இரண்டாம் எழுத்தான 'ஈ' (E) பெரிய எழுத்தாக இருந்தால் 1971க்கு முந்தைய பாணி. ஆனால் பழையதுபோலவே புதிதாகவும் தைக்கிறார்கள் என்பதால் அது ஒன்றை மட்டும் நம்பி விலை வைக்காதீர்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் உடையவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உண்மையான பொருளை முறையாக வாங்கி மறுவிற்பனை செய்வதை 1999ஆம் வருஷ வணிகமுத்திரைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே சட்டத்தில் போலியை விற்றால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். ஒரு கோட்டின் 980 ரூபாய்க்கு இதெல்லாம் தேவையா?

பீதம்புரா, இல்லத்தரசி: வாடை, கறை, பூச்சி?

அந்துருண்டை வாடைக்கு நிழலில், காற்றில், பத்து நாள். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். நாடகக் கம்பெனி ஆட்கள் ஓட்கா தெளிப்பார்கள். நானும் தெளிப்பதுண்டு. வியர்வை வாடைக்கு நன்றாகவே கேட்கிறது. பாட்டிலை எங்கே வைப்பது என்பதுதான் நம் வீடுகளில் பிரச்சினை.

வெள்ளைச் சட்டையின் அக்குளில் வரும் மஞ்சள், பெரும்பாலும் வியர்வையை அடைக்கும் பூச்சில் உள்ள அலுமினியம் வியர்வையோடு சேர்ந்து வருவது. பிளீச் போட்டால் இன்னும் மஞ்சளாகும். வினிகர் கலந்த நீரில் ஊறவையுங்கள். பாதிக்கு மேல் போகும், முழுக்கப் போகாது.

அந்துப்பூச்சியில் துணியைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. புதிதாக வரும் ஒவ்வொரு கம்பளி உருப்படியும் காற்றுப்புகாத பையில் ஒரு வாரம் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். எங்கள் வீட்டில் துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில் இருந்தது. போன வருஷம் தனி ஃப்ரீசர் வாங்கிவிட்டேன், யார் சொல்லி என்று கேட்காதீர்கள். ஓட்டை விழுந்துவிட்டால் பழைய தில்லியில் ரஃபூகர் இருக்கிறார்கள். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இழை எடுத்து ஓட்டை தெரியாமல் நெய்து தருவார்கள். தெரியாவிட்டாலும் விற்கும்போது சொல்லிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்: போட்டோல கறுப்பு, வந்தது நேவி. சைஸ் 40ன்னு இருந்தது, பத்தலை. உங்ககிட்ட வாங்கலை, வேற இடத்துல.

வேறு இடம் என்று சொன்னதற்கு நன்றி. நேவியைக் குழல்விளக்கில் எடுத்தால் கறுப்பாகத்தான் தெரியும். வடக்குப் பார்த்த பால்கனியில், காலை பத்து மணிக்கு, பக்கத்தில் ஒரு கறுப்புத் துணியை வைத்து எடுக்க வேண்டும்.

லேபிளில் 40 என்பது மார்பளவு. ஐரோப்பிய லேபிளில் அதுவே 50. ஆனால் பழைய கோட்டு வழியில் எங்கோ ஒரு டெய்லரிடம் போய்விட்டு வந்திருக்கும். அதனால் இன்ச் டேப் சொல்வதுதான் கணக்கு. கோட்டை மேஜையில் விரித்து, பட்டன் போட்டு, அக்குளிலிருந்து அக்குளுக்கு, தோள் தையலிலிருந்து தையலுக்கு, கை நீளம், காலருக்குக் கீழிருந்து முதுகு நீளம். இதே அளவுகளை உங்கள் வீட்டில் சரியாக இருக்கும் கோட்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். பேன்ட்டில் பின்தையலுக்குள் எவ்வளவு துணி மடித்திருக்கிறது என்று கேளுங்கள், ஓர் அங்குலம் பிரித்துவிடலாம். தோள் மட்டும் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். தோளைத் திருத்தும் கூலியில் இன்னொரு கோட்டு வாங்கலாம்.

ரோகிணி: கேஷ் ஆன் டெலிவரி கொடுக்கறீங்களா?

இல்லை. ஒரே ஓர் உருப்படிதான் இருக்கிறது. அது கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வரப் பன்னிரண்டு நாள், போகவர கூரியர் காசு, அதற்குள் உண்மையாக வேண்டியவர் வேறு எங்கோ வாங்கியிருப்பார்.

நொய்டா: ஜி.எஸ்.டி. எடுக்கணுமா? நாற்பது லட்சம் வரை வேண்டாம்னு சொல்றாங்களே.

சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு அந்த வரம்பு. நொய்டாவிலிருந்து கோவைக்கு ஒரு கோட்டு அனுப்பினாலே வெளிமாநில விற்பனை, பதிவு வேண்டும். பதிவு எடுத்தபின் பழைய பொருளுக்கு ஒரு சலுகை உண்டு, விதி 32(5). வாங்கும்போது கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கழித்துக்கொள்ளாவிட்டால், முழு விலைக்கு இல்லாமல் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. ஆடைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஒப்படைப்பில் நீங்கள் எடுக்கும் பங்கு தரகு, அது சேவைக் கணக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிக் குழப்பாமல், ஆரம்பத்திலேயே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

மயூர் விஹார், பெயர் வேண்டாம் என்றவர்: என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆச்சு. எட்டு கோட்டு, சஃபாரி சூட் நாலு, கழுத்து மூடின பந்த்கலா கோட்டு ஒண்ணு. மாமியார் விக்கக்கூடாதுங்கறாங்க. போனவங்க துணியை யாராவது வாங்குவாங்களா? சொல்லித்தான் விக்கணுமா?

வாங்குவார்கள் அம்மா. கோட்டுகளும் பந்த்கலாவும் போய்விடும். சஃபாரி சூட் போகாது, அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன்.

யாருடையது என்று நானாக விளம்பரத்தில் எழுதுவதில்லை. யாராவது நேராகக் கேட்டால் மறைப்பதும் இல்லை. கேட்டு வேண்டாம் என்றவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பு இல்லை. நம் வீடுகளில் அந்த எண்ணம் ஆழமாக இருக்கிறது. ஒருவர் மட்டும், "நல்லா வாழ்ந்தவரா?" என்று கேட்டுவிட்டு வாங்கினார்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். அவர்களே ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளட்டும், பிள்ளைகளும் ஒன்று எடுக்கட்டும். மீதி எத்தனை என்று பிறகு பார்ப்போம், அவசரமே இல்லை. மூன்று வருஷம் முன்பு, இதேபோல் கணவரை இழந்த ஓர் அம்மா வீட்டில் அவசரப்பட்டேன். கோட்டை எடுத்து வந்து டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கும்போது உள்பையில் நான்காக மடித்த சீட்டு ஒன்று. கறிகாய்ப் பட்டியல், அந்த அம்மா கையெழுத்து. கீழே அவர் கணவர் தன் பேனாவில், 'கறிவேப்பிலை கேட்காமலே தந்தான்' என்று எழுதியிருந்தார். அன்றே மெட்ரோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோட்டையும் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

அதனால் நான் வருவதற்கு முன் நீங்களே எல்லாப் பைகளையும் பாருங்கள். உள்பக்கம் இடது மார்பில் இரண்டு பை இருக்கலாம், பலருக்கு ஒன்றுதான் தெரியும். லைனிங் கிழிந்திருந்தால் உள்ளே கை விட்டு அடிவரை தடவுங்கள். துவைக்கக் கொடுக்க வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும். மாமியார் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன்.